பிட்காயின் நோடுக்கு வலை இடைமுகம்: எங்கே வைப்பது, எதைக் காட்டுவது

கேள்வி: ஒரு சிறிய லினக்ஸ் கணினியில் பிட்காயின் கோர் ஓடுகிறது, அதாவது பிட்காயின் பிளாக்குகளைத் தானே சரிபார்க்கும் என் சொந்த நோடு. நிலவரம் பார்க்க ஒவ்வொரு முறையும் கட்டளை வரியில் பிட்காயின்-சிஎல்ஐ தட்ட வேண்டியிருக்கிறது. பிரவுசரிலும் கைபேசியிலும் பார்க்க ஒரு வலை இடைமுகம் வேண்டும். நோடின் சி++ நிரலுக்குள்ளேயே சேர்ப்பதா, வெளியே தனியாக எழுதுவதா? நோடு கட்டளை வாங்கும் 8332 போர்ட்டைத் திறந்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டிலிருந்து நேராகக் கேட்டால் போதாதா? வாலட்டையும் அதிலேயே கொண்டுவரலாமா?

பதில்:

உள்ளே சேர்க்க வேண்டாம். போர்ட்டைத் திறக்க வேண்டாம். வாலட்டை முதல் பதிப்பில் தொடவே வேண்டாம். நோடுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சர்வரைத் தனிப் பயனர் கணக்கில் ஓட்டுங்கள். பிரவுசர் அதனிடம் பேசட்டும், அது மட்டும் நோடிடம் பேசட்டும். நிரல் 500 வரியைத் தாண்டாது. ஆனால் வேலையின் கனம் அந்த 500 வரியில் இல்லை. நோடு மெதுவாகும்போதும், வாய்மூடி இருக்கும்போதும், பின்தங்கும்போதும் பக்கம் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. பச்சை விளக்கு எரியும், நோடு இரண்டு நாள் பின்னால் கிடக்கும். அப்படி ஒரு பக்கம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

(கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது.)

முதலில், ஏன் உள்ளே கூடாது. நோடின் வேலை பிளாக்குகளைச் சரிபார்ப்பது. அதே புரோசஸில் எச்டிஎம்எல், உள்நுழைவு, செஷன் எல்லாவற்றையும் திணித்தால், பக்கத்தில் வரும் ஒரு சாதாரணப் பிழை நோடையே கீழே இழுக்கும். பக்கத்தில் உள்ள ஓட்டை நோடின் நினைவகத்துக்கு வழி திறக்கும். அதோடு, கோரின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் உங்கள் மாற்றங்களை மறுபடி ஒட்டவைக்க வேண்டும். இரண்டு பதிப்பு தாண்டியதும் அலுத்துப்போய்ப் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடு நின்றுபோகும்.

அடுத்து, பிரவுசரிலிருந்து 8332-ஐ நேராகக் கேட்பது. இது பாதுகாப்பற்றது என்பது இருக்கட்டும், முதலில் வேலையே செய்யாது. பிட்காயின்டியின் (கோரின் பின்னணி நிரல்) ஆர்பிசி சர்வர், அதாவது வெளியிலிருந்து கட்டளை வாங்கும் பகுதி, போஸ்ட் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைக்கு பிரவுசர் முன்கூட்டி அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையை அது நிராகரிக்கும். வேறு தளத்துக்கு அனுமதி தரும் கார்ஸ் தலைப்புகளை அது அனுப்புவதே இல்லை. உடனே பலர் நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை வைத்துக் கார்ஸ் தலைப்பைச் சேர்த்து, கடவுச்சொல்லையும் அதிலேயே எழுதி, வருவதை எல்லாம் அப்படியே 8332-க்குத் தள்ளிவிடுவார்கள். பக்கம் ஓடும். கூடவே, அதே பிரவுசரில் திறந்திருக்கும் எந்தத் தளமும் உங்கள் நோடுக்கு 'ஸ்டாப்' கட்டளை அனுப்பலாம் என்ற நிலையும் வரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 ஜனவரியில் எலக்ட்ரம் வாலட்டில் வெளிப்பட்ட குறை இதே வகைதான்: லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள், 127.0.0.1) கடவுச்சொல் இல்லாமல் ஓடிய அதன் ஜேசான்-ஆர்பிசியை, பிரவுசரில் திறந்த ஏதோ ஒரு பக்கம் அழைக்க முடிந்தது. 3.0.5 பதிப்பில்தான் முழுதாக அடைத்தார்கள். எத்தீரியத்தின் கெத் நோடுகளில் 8545 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து, கணக்கையும் பூட்டாமல் விட்டவர்கள் பணத்தை இழந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்தப் போர்ட்டை வருடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இன்றும் உண்டு. லோக்கல்ஹோஸ்ட் என்பதே ஒரு பூட்டு என்று நினைக்கக்கூடாது.

இன்னொன்று: ஆர்பிசியில் டிஎல்எஸ் மறையாக்கம் கிடையாது. முன்பு இருந்த ஆர்பிசிஎஸ்எஸ்எல் வசதியை 0.12 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். ஆக, கடவுச்சொல் கம்பியில் பேஸ்64 வடிவில், அதாவது திறந்த உறையில் போகும். நோடும் நடுச் சர்வரும் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி நோடு பக்கம் செய்ய வேண்டியது. பிட்காயின்.கான்ஃப் கோப்பில் சர்வர்=1, டிசேபிள்வாலட்=1 இரண்டும் இருக்கட்டும். ஆர்பிசிபைண்ட், ஆர்பிசிஅலவ்ஐபி இரண்டையும் எழுதாமலே விட்டால் லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும், நமக்கு அதுவே வேண்டும். பயனருக்கு, மூலநிரலோடு வரும் ஷேர் அடைவில் உள்ள ஆர்பிசிஆத்.பை நிரலை ஒரு பெயர் கொடுத்து ஓட்டுங்கள். அது ஒரு கடவுச்சொல்லையும், கான்ஃப் கோப்பில் ஒட்ட வேண்டிய 'ஆர்பிசிஆத்=' வரியையும் தரும். அந்த வரியில் இருப்பது உப்பிட்ட ஹாஷ் (சீரற்ற எழுத்துகள் கலந்து எடுத்த ஒருவழிக் கைரேகை) மட்டுமே. கோப்பு கசிந்தாலும் கடவுச்சொல் கசியாது. பழைய ஆர்பிசியூசர், ஆர்பிசிபாஸ்வேர்ட் ஜோடியைத் தவிருங்கள். அந்த வரியில் ஒரு டாலர் குறி இருக்கும். டாக்கர் கம்போஸ் கோப்பில் அதை அப்படியே எழுதினால் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும், இரட்டை டாலராக எழுத வேண்டும். '401 (உள்நுழைவு மறுப்பு) வருகிறது, கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பிறகு ஆர்பிசிஒயிட்லிஸ்ட். இந்தப் பயனர் எந்தெந்தக் கட்டளையை அழைக்கலாம் என்று காற்புள்ளியிட்டு எழுதலாம்: கெட்பிளாக்செயின்இன்ஃபோ, கெட்நெட்வொர்க்இன்ஃபோ, கெட்மெம்பூல்இன்ஃபோ, கெட்பிளாக்ஹாஷ், கெட்பிளாக்ஹெடர், கெட்பிளாக், எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ, கெட்ராடிரான்சாக்‌ஷன். முதல் பதிப்புக்கு இந்த எட்டு போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒரு பயனருக்கு ஒயிட்லிஸ்ட் எழுதிய கணமே, பட்டியல் இல்லாத மற்ற எல்லாப் பயனருக்கும் வெற்றுப் பட்டியல் என்று நோடு எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை ஓடிய பிட்காயின்-சிஎல்ஐ இன்று 403 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆர்பிசிஒயிட்லிஸ்ட்டிஃபால்ட்=0 என்று சேர்த்தால் சரியாகும்.

சோதனை வலையில் முயல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆர்பிசிபோர்ட், ஆர்பிசிபைண்ட் போன்றவை கோப்பின் தலையில் எழுதினால் முதன்மை வலைக்கு மட்டுமே செல்லும். சிக்னெட் என்ற சோதனை வலைக்கு வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் சிக்னெட் என்று பிரிவு போட்டு அதன் கீழ் எழுத வேண்டும். இயல்பான போர்ட்டுகள்: முதன்மை 8332, சிக்னெட் 38332, ரெக்டெஸ்ட் (சொந்தக் கணினிக்குள்ளேயே ஓடும் சோதனை வலை) 18443.

ஆர்பிசிஆத்துக்குப் பதிலாகக் குக்கி கோப்பையும் பயன்படுத்தலாம். தரவு அடைவில் புள்ளியோடு தொடங்கும் குக்கி என்ற பெயரில் இருக்கும். ஆனால் நோடு ஒவ்வொரு முறை எழும்போதும் அதன் உள்ளடக்கம் மாறும். நடுச் சர்வர் தொடங்கும்போது ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால், நோடை மறுதொடக்கம் செய்த பிறகு 401-தான் மிஞ்சும். 401 வந்தால் கோப்பை மறுபடி படி என்று எழுதிவிடுங்கள். குக்கிக்கு ஒயிட்லிஸ்ட் போடாவிட்டால் முழு அதிகாரம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வரி. போர்ட் வரியில் வெறுமனே 8332:8332 என்று எழுதாதீர்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூ தீச்சுவரில் அடைத்துவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது போர்ட் வெளியே திறந்து கிடக்கும். இரண்டு கண்டெய்னர்களையும் ஒரே உள் வலையில் வைத்தால் போர்ட்டை வெளியிடவே தேவையில்லை. அப்போது மட்டும் ஆர்பிசிபைண்ட்=0.0.0.0 வேண்டும். கூடவே ஆர்பிசிஅலவ்ஐபியில் அந்த உள் வலையின் வரம்பும் வேண்டும். அது இல்லாமல் ஆர்பிசிபைண்ட் மட்டும் எழுதினால் நோடு அதைக் கண்டுகொள்ளாது.

நடுச் சர்வரை எந்த மொழியிலும் எழுதலாம். பைத்தானோ கோவோ நோட்.ஜேஎஸ்ஸோ, எது கைக்கு வருமோ அது. ஒரு விதி மட்டும் முக்கியம்: அது வெறும் குழாயாக இருக்கக்கூடாது. 'மெத்தட் பெயரையும் அளவுருக்களையும் பிரவுசர் அனுப்பும், நான் அப்படியே நோடுக்குத் தருவேன்' என்ற ஒற்றை வாசலை வைத்தால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீண். நிலை, பிளாக், பரிவர்த்தனை, கட்டணம் என்று நான்கு வாசல்கள் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஹாஷ் என்று வருவது சரியாக 64 பதினறும எழுத்துகளா, உயரம் என்று வருவது 0-க்கும் சங்கிலியின் தற்போதைய உச்சிக்கும் (கடைசிப் பிளாக்) இடைப்பட்ட முழு எண்ணா என்று பார்த்த பிறகே நோடிடம் போக வேண்டும்.

நிலை வாசலுக்கு வருவோம், அதில்தான் அதிகம் தவறுகிறார்கள். பத்துப் பேர் பக்கத்தைத் திறந்தால் பத்துப் பேருக்கும் தனித்தனியாக நோடைக் கேட்கக்கூடாது. பின்னணியில் ஒரே ஒரு சுற்று 10 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, பதிலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளட்டும். வருகிறவர்களுக்கு எல்லாம் அந்த நகல்தான். கோரில் ஆர்பிசி இழைகள் (த்ரெட்) நீண்ட காலம் 4, காத்திருப்பு வரிசை 16 என்றுதான் இருந்தன. புதிய பதிப்புகளில் கூட்டியிருந்தாலும் அது கூட்டத்தைத் தாங்கச் செய்யப்பட்டது இல்லை. வரிசை நிரம்பினால் 'வொர்க் க்யூ டெப்த் எக்ஸீடட்' என்ற பிழை வரும். ஆர்பிசித்ரெட்ஸை ஏற்றி இதைத் தீர்க்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பயன் இராது, ஏனென்றால் பல கட்டளைகள் உள்ளே ஒரே பூட்டுக்காகத்தான் காத்திருக்கின்றன. முதல் ஒத்திசைவின்போதோ, நோடு தன் கேஷை (நினைவகத்தில் சேர்த்துவைத்த தரவை) வட்டுக்கு எழுதும்போதோ, சாதாரண கெட்பிளாக்செயின்இன்ஃபோவுக்கே பல விநாடி ஆகலாம். ஆகவே டைம்அவுட் 15 விநாடி வையுங்கள். பதில் வராவிட்டால் பழைய நகலையே காட்டி, '40 விநாடிக்கு முந்தைய நிலவரம்' என்று அதன் வயதையும் காட்டுங்கள். வயது போடாத எண்ணைப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

நோடு எழுந்த புதிதில் பிழை எண் -28 வரும். பிளாக் அட்டவணையை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைச் சிவப்பாகக் காட்டாதீர்கள், 'எழுந்துகொண்டிருக்கிறது' என்று காட்டுங்கள். இணைப்பே மறுக்கப்பட்டால் அது வேறு, 401 வேறு, டைம்அவுட் வேறு. நான்கையும் ஒரே 'பிழை' என்ற சொல்லில் போட்டுக் கட்டினால் பக்கம் இருந்தும் கட்டளை வரிக்கே திரும்ப வேண்டிவரும். பழைய பாணி ஜேசான்-ஆர்பிசியில் கட்டளைப் பிழைகளுக்கு எச்டிடிபி 500 வரும், பிழை எண் உள்ளே ஜேசானில் இருக்கும். எச்டிடிபி நூலகம் 500-ஐப் பார்த்ததுமே உள்ளடக்கத்தைப் படிக்காமல் விலக்கை (எக்செப்ஷன்) வீசிவிட்டால் -28 உங்கள் கண்ணிலேயே படாது. 28.0 பதிப்பிலிருந்து கோரிக்கையில் ஜேசான்ஆர்பிசி 2.0 என்று குறிப்பிட்டால் இந்தப் பிழைகள் 200-லேயே வரும். இது சுத்தம்.

இனி பச்சை விளக்கு. வெரிஃபிகேஷன்ப்ராக்ரஸ் என்ற எண் 1 ஆகிவிட்டதா என்று பார்க்கத் தோன்றும். அது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் மதிப்பீடு, 0.9999 என்று தொங்கிக்கொண்டே இருக்கும். முதல் ஒத்திசைவு நடக்கிறதா என்று சொல்லும் இனிஷியல்பிளாக்டவுன்லோட் பொய் (ஃபால்ஸ்) என்றால் ஒத்திசைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது அதைவிட ஆபத்து. உச்சிப் பிளாக்கின் வயது 24 மணிக்குள் வந்து, சங்கிலியில் சேர்ந்த சுரங்க வேலையளவும் போதுமானதாக இருந்தால் அது பொய் ஆகும். அதன் பிறகு நோடு மறுதொடக்கம் ஆகும்வரை பொய்யாகவே நிற்கும். வலை இணைப்பு அறுந்து மூன்று நாள் ஆனாலும் அது மாறாது. சரியான சோதனை இரண்டு: ஹெடர்ஸ் எண்ணுக்கும் (தலைப்பு மட்டும் வந்தவை) பிளாக்ஸ் எண்ணுக்கும் (சரிபார்த்து முடித்தவை) இடைவெளி எவ்வளவு, கடைசிப் பிளாக் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று.

இரண்டாவதில் ஒரு நுணுக்கம். பிளாக்கின் தலைப்பில் உள்ள நேரத்தை எழுதுபவர் அந்தப் பிளாக்கை உருவாக்கும் சுரங்கக்காரர். முந்தைய 11 பிளாக்குகளின் நடுமதிப்பைவிட அதிகமாகவும், நோடின் கடிகாரத்தைவிட 2 மணிக்கு மேல் முந்தாமலும் இருந்தால் போதும், ஏற்றுக்கொள்ளப்படும். எனவே அதை வைத்துக் கழித்தால் 'கடைசிப் பிளாக் -4 நிமிடத்துக்கு முன்' என்று சில சமயம் காட்டும். உச்சி ஹாஷ் மாறியதை நடுச் சர்வர் எப்போது கண்டதோ அந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

எத்தனை நிமிடம் ஆனால் எச்சரிப்பது? சராசரி 10 நிமிடம் என்பதால் 30 நிமிடம் வைப்பார்கள். பிளாக் இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றுபவை. 30 நிமிடத்துக்கு மேல் இழுக்கும் வாய்ப்பு சுமார் 5%, நாளுக்கு 144 பிளாக் என்றால் தினமும் ஏழு தடவை பொய் எச்சரிக்கை. 60 நிமிடம் என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை. 90 நிமிடம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2 மணி என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. சுரங்கத் திறன் திடீரென்று குறையும் காலத்தில் இவை கொஞ்சம் கூடும். 90-இல் மஞ்சள், 120-இல் சிவப்பு என்று வைத்தால், சிவப்பு எரியும்போது உண்மையிலேயே எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும்.

வட்டில் எஞ்சிய இடத்தையும் நிலையில் காட்டுங்கள், இதை நோடு சொல்லாது. நடுச் சர்வரே இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. இடம் தீர்ந்தால் நோடு தானாக நின்றுவிடும். அப்போது பக்கத்தில் தெரிவதெல்லாம் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பது மட்டும்தான். 20 ஜிபி மீதம் இருக்கும்போதே மஞ்சள் எரியட்டும்.

புதிய பிளாக் வந்ததை உடனே காட்ட, ஜீரோஎம்க்யூ என்ற அறிவிப்பு வழி இருக்கிறது. இசட்எம்க்யூபப்ஹாஷ்பிளாக் என்ற அமைப்பில் 127.0.0.1, 28332 என்று கொடுங்கள். இதில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை, எனவே லோக்கல்ஹோஸ்டை விட்டு வெளியே விடக்கூடாது. செய்தி மூன்று துண்டாக வரும்: தலைப்பு, உள்ளடக்கம், 4 பைட் வரிசை எண். செய்திகள் தவறிப்போகலாம், அதற்குத்தான் அந்த எண். இடையில் எண் தாவினால் ஆர்பிசியில் கேட்டு நிரப்புங்கள். முதல் ஒத்திசைவின்போது பிளாக் அறிவிப்பு வராது, அது பழுது இல்லை. சங்கிலி மாறி அமைந்தால், அதாவது ரீஆர்க் நடந்தால், புதிய உச்சி மட்டுமே அறிவிக்கப்படும். நடுவில் உள்ளவற்றை முந்தைய ஹாஷைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஜீரோஎம்க்யூவை ஒரு தட்டி எழுப்பும் மணியாக மட்டும் வையுங்கள். உண்மை எது என்பதற்கு 10 விநாடிச் சுற்றுதான் ஆதாரம். மணி ஒலித்தால் அந்தச் சுற்று உடனே ஒருமுறை ஓடட்டும், அவ்வளவுதான்.

நடுச் சர்வரிலிருந்து பிரவுசருக்கு வெப்சாக்கெட் தேவையில்லை. தகவல் ஒரே திசையில் போவதால் சர்வர்-சென்ட்-ஈவென்ட்ஸ் போதும், அறுந்தால் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் இரண்டு கவனிக்க வேண்டும். ப்ராக்ஸி பஃபரிங்கை அணைக்காவிட்டால் செய்திகள் சேர்ந்து சேர்ந்து கொத்தாக வரும். படிப்பதற்கான டைம்அவுட் இயல்பாக 60 விநாடி, பத்து நிமிடம் பிளாக் வராவிட்டால் பத்துத் தடவை அறுந்து ஒட்டும். 20 விநாடிக்கு ஒரு வெற்றுக் கருத்து வரி அனுப்பினால் இது தீரும். எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள்தான் பிரவுசர் தரும். ஏழாவது தாவலில் பக்கம் தொங்கினால் காரணம் அதுதான், எச்டிடிபி 2-க்கு மாறினால் போகும்.

பிளாக் வாசலில் கேஷ் வைப்பது எளிது, ஆனால் திறவுகோல் ஹாஷாக இருக்க வேண்டும், உயரமாக இருக்கக்கூடாது. ஒரு ஹாஷுக்கு உரிய உள்ளடக்கம் என்றைக்கும் மாறாது. உயரத்துக்கு உரிய ஹாஷ் ரீஆர்க்கில் மாறும். உறுதிப்பாடுகளின் எண்ணிக்கையைக் கேஷில் போடாமல் காட்டும் நேரத்தில் கணக்கிடுங்கள். சங்கிலியிலிருந்து விலக்கப்பட்ட பிளாக்குக்கு நோடு -1 என்று தரும், அதைப் பக்கத்தில் 'கைவிடப்பட்டது' என்று காட்ட வேண்டும். கெட்பிளாக்கில் விவர அளவு 2 கேட்டால் ஒரு முழுப் பிளாக்குக்குப் பல எம்பி ஜேசான் வரும். பட்டியலுக்கு அளவு 1 போதும், பரிவர்த்தனையைத் தட்டும்போது தனியாக எடுக்கலாம். மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள்) முழுவதையும் விவரமாகக் கேட்கும் கெட்ராமெம்பூல் அழைப்பை இந்தப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

பரிவர்த்தனை தேடலில் ஏமாற்றம் காத்திருக்கும். எல்லாப் பரிவர்த்தனைக்கும் அட்டவணை வைக்கும் டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1 இல்லாவிட்டால் மெம்பூலில் இருப்பதையோ, எந்தப் பிளாக் என்று தெரிந்ததையோதான் நோடு தரும். ப்ரூன் செய்த, அதாவது பழைய பிளாக்குகளை அழித்து இடம் மிச்சப்படுத்தும் நோடில் டிஎக்ஸ்இண்டெக்ஸ் வைக்கவே முடியாது. முகவரியைக் கொடுத்து உடனே இருப்பைக் கேட்கும் வழி கோரில் இல்லை. ஸ்கேன்டிஎக்ஸ்அவுட்செட் எல்லாச் செலவாகாத வெளியீடுகளையும் முதலிலிருந்து அலசும், ஒவ்வொரு வருகைக்கும் அதை ஓட்டினால் கணினி திணறும். அது வேண்டுமென்றால் எலக்டர்ஸ் அல்லது ஃபுல்க்ரம் போன்ற தனி அட்டவணைச் சர்வரை வைக்க வேண்டும். சங்கிலியைத் துழாவுவதே நோக்கம் என்றால் நீங்களே எழுதவும் வேண்டாம், பிடிசி ஆர்பிசி எக்ஸ்ப்ளோரர் ஏற்கெனவே இருக்கிறது, இயல்பாக 3002 போர்ட்டில் ஓடும். முழுத் தொகுப்பாக வேண்டுவோர் அம்ப்ரெல், ராஸ்பிபிளிட்ஸ் பக்கம் போகலாம். சொந்தமாக எழுதுவது, வேண்டியது நான்கே எண்கள் என்றால்தான் லாபம்.

தொகைகளைப் பற்றி. கோர் தொகையைப் பிட்காயினில், பதின்மப் புள்ளியோடு தரும். அதை மிதவைப் புள்ளி எண்ணாகக் கூட்டிக்கொண்டே போனால் வால் பகுதியில் குப்பை சேரும். வந்தவுடன் 10 கோடியால் பெருக்கி முழு எண்ணாக்கிச் சடோஷியில் வையுங்கள். 2.1 கோடி பிட்காயினும் சேர்ந்து 2.1 × 10^15 சடோஷிதான், ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றித் தாங்கும் எல்லை ஏறக்குறைய 9 × 10^15. எனவே பிட்காயினுக்கு இது போதும். மோனேரோவில் ஒரு நாணயம் 10^12 சிற்றலகு என்பதால் 9,007 நாணயத்துக்கு மேலேயே எல்லை உடையும். எத்தீரியத்தில் 10^18, அது பதினறும எழுத்துச் சரமாகவே வரும். இரண்டிலும் பிக்இன்ட் கட்டாயம். எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ தரும் எண் ஆயிரம் விபைட்டுக்கான (பரிவர்த்தனையின் அளவு அலகு) பிட்காயின். மக்கள் பேசுவது ஒரு விபைட்டுக்கான சடோஷி. 1,00,000-ஆல் பெருக்க வேண்டும். புதிதாக எழுந்த நோடில் மதிப்பீட்டுக்குப் போதிய தரவு இல்லாவிட்டால் கட்டணப் புலமே இருக்காது, அப்போது 0 என்று காட்டாமல் கோடு போடுங்கள்.

பக்கத்தில் காட்டும் எழுத்துகள் எல்லாம் அந்நியர் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓபி ரிட்டர்னில் (பரிவர்த்தனையில் குறிப்பு எழுதும் இடம்) உள்ள வாசகத்தையோ, காயின்பேஸில் (பிளாக்கின் முதல் பரிவர்த்தனை) சுரங்கக்காரர் பொறித்ததையோ எழுத்தாக மாற்றிக் காட்டினால், அதில் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை எவரும் வைக்கலாம். இன்னர்எச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட்கன்டென்ட் மட்டுமே. உள்ளடக்கக் கொள்கைத் தலைப்பில் சொந்தத் தளத்தை மட்டும் அனுமதியுங்கள், வரைபட நூலகத்தையும் வெளியிலிருந்து ஏற்றாமல் நகலெடுத்து வையுங்கள். சக நோடுகளின் ஐபி முகவரிகளைப் பொதுப் பக்கத்தில் போட வேண்டாம், எண்ணிக்கை போதும்.

உள்நுழைவு உங்களுக்கு மட்டும் என்றால் எழுதாமலே தப்பிக்கலாம். நடுச் சர்வரை 127.0.0.1-இல் கேட்க வைத்து, மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் போட்டுப் பாருங்கள். கைபேசிக்கு வயர்கார்டு விபிஎன். இரண்டும் வேண்டாம் என்றால் டோர் மறைசேவை, அதற்குச் சான்றிதழும் போர்ட் திறப்பும் தேவையில்லை. திறந்த இணையத்தில்தான் வைப்பேன் என்றால் முன்னால் கேடி அல்லது என்ஜின்எக்ஸ், எச்டிடிபிஎஸ், ஆர்கான்2-ஆல் ஹாஷ் செய்த கடவுச்சொல், எச்டிடிபிஒன்லி, செக்யூர், சேம்சைட் மூன்றும் இட்ட செஷன் குக்கி. சர்வர்-சென்ட்-ஈவென்ட்ஸில் தனித் தலைப்பு அனுப்ப முடியாது, எனவே டோக்கன் முறையைவிடக் குக்கி முறையே இங்கே ஒத்துவரும். எந்த வழியானாலும் வரும் கோரிக்கையின் ஹோஸ்ட் தலைப்பு நீங்கள் எதிர்பார்க்கும் பெயர்தானா என்று சரிபாருங்கள். டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலில் ஓர் அந்நியத் தளத்தின் பெயர் திடீரென்று 127.0.0.1-ஐச் சுட்டும், பிரவுசர் அதைச் சொந்தத் தளம் என்றே நம்பும். இந்த ஒரு வரிச் சோதனை அதைத் தடுக்கும். கெத்தில் எச்டிடிபி.விஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பு இருப்பதும் இதற்காகவே. மோனேரோவில் இதற்கு நிகரான ஏற்பாடு வேறு: கட்டுப்படுத்திய ஆர்பிசியை 18089 போர்ட்டில் தனியாகத் திறந்து, முழு அதிகாரமுள்ள 18081-ஐ உள்ளேயே வைத்துக்கொள்வது வழக்கம்.

வாலட் பற்றிய கேள்விக்கு. இருப்பையும் வரவையும் பார்க்க மட்டும் என்றால், தனிச் சாவிகளை முடக்கி ஒரு பார்வை வாலட்டை உருவாக்கி, பொதுச் சாவி டிஸ்கிரிப்டரை (முகவரிகளை வருவிக்கும் விவர வரி) மட்டும் அதில் ஏற்றுங்கள். அப்போது டிசேபிள்வாலட் வரியை எடுக்க வேண்டியிருக்கும். ஒயிட்லிஸ்ட்டில் கெட்பேலன்சஸ், லிஸ்ட்டிரான்சாக்‌ஷன்ஸ் தவிர வேறு வாலட் கட்டளை வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட வாலட் ஏற்றியிருந்தால் ஆர்பிசி யுஆர்எல் பாதையில் வாலட் பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் -19 பிழை வரும். அனுப்பும் வசதி வேண்டுமென்றால் பக்கம் பிஎஸ்பிடியை (கையொப்பத்துக்குக் காத்திருக்கும் பரிவர்த்தனை) தயாரித்துத் தரட்டும், கையொப்பம் வேறு கருவியில் நடக்கட்டும். சாவியும் வலைப்பக்கமும் ஒரே கணினியில் இருக்கும் ஏற்பாட்டை எந்தத் தொகைக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாலட் இல்லாவிட்டாலும் சில கட்டளைகள் சாதுவாகத் தோன்றி ஆளைக் கவிழ்க்கும்: இன்வாலிடேட்பிளாக் நோடைத் தவறான சங்கிலியில் நிறுத்தும், ப்ரூன்பிளாக்செயின் பழைய பிளாக்குகளை வட்டிலிருந்து அழிக்கும், மறுபடி பதிவிறக்காமல் அவை திரும்ப வராது, டம்ப்டிஎக்ஸ்அவுட்செட் நீங்கள் சொல்லும் இடத்தில் கோப்பு எழுதும்.

சோதனைக்கு முதன்மை வலையைப் பயன்படுத்தினால் ஒரு ரீஆர்க்குக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரெக்டெஸ்ட்டில் இரண்டு நிமிட வேலை. ஜெனரேட்டுஅட்ரஸ் கொண்டு 101 பிளாக் எடுங்கள், காயின்பேஸ் முதிர 100 வேண்டும் என்பதால் அந்த எண். பிறகு கடைசி இரண்டு பிளாக்கை இன்வாலிடேட்பிளாக்கால் செல்லாததாக்கி, வேறு முகவரிக்கு மூன்று புதிய பிளாக் எடுங்கள். பக்கத்தில் பழைய ஹாஷ் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து நோடு புரோசஸுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறையவையுங்கள். போர்ட் திறந்திருக்கும், பதில் வராது. பெரும்பாலான பக்கங்கள் இங்கேதான் சுழலும் சக்கரத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும். உங்களுடையது 15 விநாடியில் பழைய நகலின் வயதைக் காட்டத் தொடங்க வேண்டும். கடைசியாக நோடைக் கொன்று மறுபடி எழுப்புங்கள். இணைப்பு மறுப்பு, -28, சரியான நிலை என்று மூன்றும் வரிசையாகத் தெரிந்து, நடுச் சர்வரை யாரும் தொடாமலே பக்கம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.